எஜமான் கார்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில், தன் சொந்த நாற்காலியில் சாய்ந்து, தன் சொந்தக் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை என்றால் அவன் சம்பாதித்து என்ன, மீசை வளர்த்து என்ன? கேட் சார் இந்தக் கேள்வியைக் குளியலறைக் கண்ணாடியிடம் கேட்டார். கண்ணாடி பதில் பேசவில்லை. அந்த வீட்டில் அவரை எதிர்த்துப் பேசாத ஒரே பொருள் அதுதான். ஆகவே அதையே சம்மதமாக வைத்துக்கொண்டு, தாடையில் சோப்பு நுரையோடு சபதம் எடுத்தார். அடுத்த ஞாயிறு தூங்கியே தீருவது. அதுவும் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குவது.

கேட் சார் என்பது மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர். பார்சல் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். கழுத்தில் ஒரு கார்டு தொங்கும். அதை நீட்டினால் அந்தக் கிடங்கில் திறக்காத கதவு கிடையாது. லாரி டிரைவர்கள் அவருக்காகக் காத்து நிற்பார்கள். "கேட் சார் வந்துட்டாரு, கேட் சார் வந்துட்டாரு" என்று வழிவிடுவார்கள். கிடங்கில் அவர் கையை நீட்டினால் கதவு திறக்கும். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் கதவு சாத்திக்கொள்ளும். இரண்டு இடத்திலும் ஆள் ஒருவர்தான்.

தூக்கத்துக்கு வில்லன் பாப்பா. பத்து மாதம். தவழ ஆரம்பித்திருந்தது. தவழ்தல் என்றால் படத்தில் வருகிற மாதிரி பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மெல்ல நகர்வது இல்லை. கண்ணிமைக்கிற நேரத்தில் கூடத்திலிருந்து காணாமல் போய்ச் சமையலறையில் சிலிண்டருக்குப் பின்னால் கிடைக்கும். எதைக் கண்டாலும் முதலில் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அது என்னவென்று யோசிக்கும்.

வீட்டம்மா வாரம் முழுக்கப் பாப்பாவைப் பார்த்துக்கொள்வாள். அது கண்ணயரும் நேரத்தில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு லேப்டாப்பில் டைப் அடித்துக் கொடுப்பாள். அவளுக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிறு மத்தியானம் பாப்பாவை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அவள் கொஞ்சம் கண்ணை மூடுவாள். அவரும் பெருந்தன்மையாகச் சரி என்றார். சரி என்பது சுலபம். பார்த்துக்கொள்வதிலும் குறை வைக்கவில்லை. கண் தானாக மூடும்வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

போன ஞாயிறு அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பாப்பா தவழ்ந்து சின்ன அறைக்குள் போய்விட்டது. அந்த அறை கேட் சாரின் தொழிற்கூடம். கழற்றிய ரேடியோ, கழற்றிய கடிகாரம், கழற்றிய பிறகு என்னவென்றே தெரியாமல் போன சில பொருள்கள், ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல். வீட்டம்மா எதற்கோ விழித்து வந்து பார்த்தபோது பாப்பா அந்தச் சூட்டுக்கோலின் வயரைக் கரும்பு மாதிரி மென்றுகொண்டிருந்தது. நல்ல வேளை, பிளக் சுவரில் இல்லை. அவள் கத்தவில்லை. பாப்பாவை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் விளக்குப் போடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். கத்தியிருந்தால் கேட் சாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் இயல்பிலேயே பயந்தவள். பாப்பா இருமினால் பயம், இருமாமல் தூங்கினால் அதைவிடப் பயம், மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு பகலில் படுப்பதையே விட்டுவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று நின்றாள். ஒரு நாள் வக்கீலுக்குப் போன் செய்து, போனை எடுத்தவரிடம், "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டாள்.

கேட் சார் இதையெல்லாம் கவனித்தார். கவனித்து, மனமுருகி, தனக்கு வசதியான ஒரு முடிவுக்கு வந்தார். சின்ன அறைக்குப் பூட்டுப் போட வேண்டும். பாப்பா உள்ளே வரக்கூடாது. உள்ளே வரக்கூடாதவர்கள் பட்டியலில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் அடக்கம். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி. அதில் அவர். வெளியே கேட்டால், "உள்ள வேலை நடக்குது."

சாதாரணத் தாழ்ப்பாள் போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றக் கூடாது. தாழ்ப்பாள் போட்டால் தூங்கப் போகிறான் என்று சொல்வார்கள். எலக்ட்ரானிக் பூட்டுப் போட்டால் விஞ்ஞானி என்று சொல்வார்கள். கிடங்கில் இருப்பதைப் போலவே ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர் வரவழைத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. கார்டைக் கிட்டே காட்டினால் அதற்குள் இருக்கிற நம்பரைக் காற்றிலேயே படித்து, 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டு, பூட்டைத் திறக்கச் சொல்லும். கூடவே ரீடரோடு ஒரே சுவர் சுவிட்சில் ஓடுகிற ஒரு காந்தப் பூட்டு, அவருக்கு ஒரு கார்டு, ஒரு பொட்டலம் நிறைய வட்டப் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானும் ஒரு கார்டுக்குச் சமம் என்று சொல்லிக் குலுக்கிக் காட்டினார்.

வீட்டம்மா ஒரு விரலை லேசாக உயர்த்தினாள். கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே கை தூக்காமல் கேள்வி கேட்க முடியாது. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்றும் அந்த விரல் மட்டும் இன்னும் அங்கேயே படித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா இதை முழுங்கிட்டா?"

"எதுக்கு முழுங்கப் போகுது?"

"எதைத்தான் முழுங்கப் பார்க்கலை?"

அவர் பொட்டலத்தை எட்டாத உயரத்தில் வைத்தார். பயந்தவள் வீட்டில் இருந்தால் இப்படி ஒரு தொல்லை.

முதல் கோணல் உடனே வந்தது. ரீடர் நம்பரைப் படிக்கும். படித்ததை வைத்து என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்து, 'இந்த ஆள் நம்ம ஆள், விடு' என்று சொன்னால்தான் திறக்கும். வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். வீட்டம்மாவின் லேப்டாப். அதைக் கொண்டுபோய்ச் சின்ன அறை வாசலில் ஒரு முக்காலிமேல் வைத்து, ரீடரோடு வயரால் கட்டினார். கன்றுக்குட்டியைக் கட்டின மாதிரி அது அங்கேயே நின்றது. வக்கீல் வேலை அவசரம் என்பதால் அவளும் அங்கேயே நின்றபடி, ஒரு இடுப்பில் பாப்பாவோடு, ஒற்றைக் கையால் டைப் அடித்தாள்.

அந்த ரீடருக்கு ஒரு குணம் உண்டு. தான் படிக்கிற நம்பரைத் தானே டைப் அடிக்கிற மாதிரி கம்ப்யூட்டருக்குள் அனுப்பும். திரையில் அப்போது எது திறந்திருக்கிறதோ அதற்குள் போய் விழும். கேட் சார் உற்சாகத்தில் கார்டைக் காட்டிக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வக்கீலின் குமாஸ்தா போன் செய்தார். மேற்படி சொத்துக்குக் கிழக்கே பொதுப்பாதை, மேற்கே 0048817302 என்று எழுதியிருக்கிறதே, அது யாருடைய வீடு, அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டம்மா போனை வைத்தாள். விரலை உயர்த்தவில்லை.

"என் லேப்டாப்பை அவுத்து விடுங்க."

அதைச் சொன்ன விதத்தில் ஒரு அதட்டல்கூட இல்லை. ஆனால் கேட் சாருக்கு அவசரமாக ஒரு ஞானம் பிறந்தது. இந்த மாதிரி ரீடர்களைக் கம்ப்யூட்டர் இல்லாமலே தனியாக இயங்கப் பழக்கலாம். கம்ப்யூட்டரில் ஒரு முறை பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், பிறகு அதுவே முடிவெடுக்கும். கிடங்குக் கதவுகள் எல்லாம் அப்படித்தான். சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தபோது எதிர்வீட்டுத் தையலக்கா வாசலில் வந்து நின்றதுதான் பின்னால் வினையாயிற்று.

தையலக்கா வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும், உதட்டில் எப்போதும் குண்டூசி இருக்கும். அந்தக் குண்டூசிகளை எடுக்காமலே பேசுவாள். அதனால் அவள் என்ன சொன்னாலும் கொஞ்சம் குத்தும்.

"கதவு இருக்கு, பூட்டு இருக்கு. உள்ள என்ன தம்பி, புதையலா?"

"பாப்பாவோட பாதுகாப்புக்கு அக்கா."

தையலக்கா எட்டிப் பார்த்தாள். சாய்வு நாற்காலி தெரிந்தது. அதன்மேல் புதிதாக உறை போட்ட தலையணை தெரிந்தது.

"பாதுகாப்புக்குத் தலையணை வேற வேணுமா?"

கேட் சார் காதில் விழாத மாதிரி ஸ்க்ரூடிரைவரைத் திருகினார். ஸ்க்ரூ ஏற்கெனவே இறுகியிருந்தது. இன்றைக்கு இந்த ஒரு பாடத்தோடு சரி, அப்புறம் இந்தப் பூட்டுக்காக லேப்டாப்பைத் தொடவே மாட்டேன், தொட்டால் ஏன் என்று கேளுங்கள், நீங்களே சாட்சி என்று தையலக்காவிடம் சத்தமாகச் சொன்னார். பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னதுதான். சாட்சி தலையை ஆட்டினாள்.

பிறகு பாடம் நடந்தது. ரீடருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே வீட்டம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவள் கேட்டதால்தான். பயந்தவளாயிற்றே, கேள்விமேல் கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் விரல் மேலே போகும்.

"கரண்டு போனா என்ன ஆகும்?"

"காந்தப் பூட்டும்மா. கரண்டு இருந்தாத்தான் பிடிக்கும். போனா விட்டுடும், கதவு தானா திறந்துக்கும்."

"திரும்ப வந்தா?"

"திரும்பப் பிடிச்சுக்கும்."

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டா?"

"அதான் உள்பக்கம் ஒரு பட்டன் வச்சிருக்கேன்ல. அமுக்கினா திறக்கும்."

"பாப்பாவுக்கு எட்டுமா?"

"எட்டாது. நமக்கு எட்டும்."

"அப்ப நம்மள்ல ஒருத்தர் கூட இல்லாம பாப்பா உள்ள போகவே கூடாது."

"அதேதான். புரிஞ்சுக்கிட்டியே" என்றார் கேட் சார். அவருக்குப் பெருமையாக இருந்தது. கிடங்கில் புதிதாகச் சேரும் பையன்களுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் புரிவதில்லை.

பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ரீடர் ஒன்றும் தெரியாமல் வெறுமையாக இருக்கும்போது அதன் விளக்கு மினுக் மினுக்கென்று மினுக்கிக்கொண்டே இருக்கும். அப்போது முதன்முதலில் எதைக் காட்டுகிறோமோ அதுதான் அதற்கு எஜமான் கார்டு. அதைக் காட்டினால் கதவு திறக்கும். அது மட்டும் இல்லை, அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்ததாக எதைக் காட்டுகிறோமோ அதையும் 'இவனும் நம்ம ஆள்' என்று சேர்த்துக்கொள்ளும். எஜமான் சேர்க்காத யாரையும் அது மதிக்காது. விளக்குச் சிவப்பாகவே நிற்கும். அப்பன் வந்தாலும் சரி, பாட்டன் வந்தாலும் சரி.

"அந்த எஜமான் நீங்களா?" என்று கேட்டாள்.

"பின்ன?"

அவள் அதை மறுக்கவில்லை. பொத்தான்களைப் பற்றித்தான் கேட்டாள். தண்ணீர் பட்டால் கெட்டுப்போகுமா? கெடாது என்றார் அவர். பெரிய சலவைக் கடைகளில் இதைத்தான் துணிக்குள் வைத்துத் தைப்பார்கள், கொதிக்கிற தண்ணீரில் போட்டு அடித்தாலும் சாகாது, எந்தச் சட்டை யாருடையது என்று அதுதான் சொல்லும் என்று விளக்கினார். கேட்காததையும் சேர்த்து விளக்கினார். வாசலில் நின்ற தையலக்கா உதட்டிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து ரவிக்கை ஓரத்தில் குத்திக்கொண்டாள். அவள் எதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அப்படிச் செய்வாள். கேட் சாருக்கு அது அப்போது தெரியாது.

இன்னொரு வேண்டுகோள். பூட்டு முடியும்வரை கதவு திறந்துதானே கிடக்கும், அதுவரை அந்தச் சூட்டுக்கோல், வயர், ஆணி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுங்களேன் என்றாள் வீட்டம்மா. கேட் சார் உடனே ஏற்றினார். சாய்வு நாற்காலியில் காலை நீட்ட இடம் வேண்டியிருந்தது. முடிவில் அந்த அறையில் ஒரு நாற்காலி, ஒரு தலையணை, ஒரு பாய் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. ஆபத்து எல்லாம் பரணில் இருந்தது. ஆபத்தைத் தடுக்கிற பூட்டு மட்டும் அறையில் இருந்தது. இதில் ஏதோ இடிப்பதாக அவருக்கு ஒரு கணம் தோன்றியது. தலையணையைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

லேப்டாப் திரையில், 'தனியாக இயங்கு' என்ற கட்டத்தைத் தட்டினார். ரீடரின் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. தன் கார்டைக் காட்டினார். 'பீப்.' எஜமான் ஆனார். திரையின் அடியில் இன்னொரு பொத்தான் இருந்தது. கார்டுகளை ரீடர் நிரந்தரமாக ஞாபகம் வைத்துக்கொள்ள அதை அமுக்க வேண்டும். அமுக்கக் கை போயிற்று. அதற்குள் பாப்பா முக்காலியைப் பிடித்து எழுந்து நின்று, வயரைக் கண்டு, ஆசையாகப் பற்றி ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டது.

கேட் சாருக்கு உயிரே போய்விட்டது. பாப்பா வாயில் வயர். வீட்டம்மா ஓடி வந்து அதைப் பிடுங்கினாள். அவர் கார்டைக் காட்டினார். பச்சை விளக்கு. 'பீப்.' கதவு திறந்தது. கம்ப்யூட்டர் இல்லை, வயர் இல்லை, கதவு திறந்துவிட்டது. அவர் அந்தக் கூடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பாப்பாவைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தார். தையலக்காவைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார், மறுபடி திறந்து காட்டினார்.

விரல் உயர்ந்தது. "சேவ் பண்ணீங்களா?"

வீட்டம்மாவுக்கு இது ஒரு வியாதி. ஒரு முறை வக்கீலின் பத்திரம் ஒன்று பாதியில் அழிந்துபோய், முழுவதையும் திரும்ப அடிக்க நேர்ந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் சேவ் பண்ணுவாள். வெறுமனே தேதி அடித்தாலும் சேவ் பண்ணுவாள்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார் கேட் சார். "அதான் வேலை செய்யுதே."

அவள் லேப்டாப்பை முக்காலியிலிருந்து எடுத்து, திரையை ஒரு பார்வை பார்த்து, மூடாமல் அப்படியே உள்ளே கொண்டுபோனாள்.

மறுநாள் சனிக்கிழமை. அவருக்குக் கிடங்கில் வேலை. சாயங்காலம் திரும்பி வந்தபோது கொடியில் பாப்பாவின் கவுன்கள் எல்லாம் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நெஞ்சுப் பக்கம் புதிதாக ஒரு பூ தைத்திருந்தது. தையலக்கா மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்ததாம். எல்லாக் கவுனிலும் பூவா என்று கேட்டார். எல்லாவற்றிலும்தான் என்றாள் வீட்டம்மா. பூ கொஞ்சம் தடிமனாக இருந்தது. இரட்டைத் தையல், பாப்பா கடித்தாலும் பிரியாது என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். அலமாரிமேல் பொத்தான் பொட்டலத்தைக் காணோம். பாப்பாவுக்குப் பயந்து எங்காவது பத்திரப்படுத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். பத்திரமாகத்தான் இருந்தது.

ஞாயிறு வந்தது. கேட் சார் மத்தியானச் சாப்பாட்டை ஒரு பிடி கூடவே சாப்பிட்டார். தூக்கத்துக்கு அஸ்திவாரம் போட வேண்டுமல்லவா. கை துடைத்துக்கொண்டே, கிடங்குக் கதவு ஒன்று மக்கர் பண்ணுகிறது, அதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது என்று பொதுவாகச் சுவரிடம் அறிவித்தார். வீட்டம்மா தட்டுகளைக் கழுவ எடுத்துப்போனாள். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து அவர் நாலைந்து நியாயங்கள் தயாராக வைத்திருந்தார். எல்லாம் வீணாயிற்று.

சின்ன அறை வாசலில் நின்று கார்டைக் காட்டினார்.

சிவப்பு.

துடைத்துவிட்டுக் காட்டினார். சிவப்பு. திருப்பிக் காட்டினார். சிவப்பு. கார்டை வாயால் ஊதி, தொடையில் தேய்த்து, ரீடருக்கு வணக்கம் வைக்காத குறையாகக் காட்டினார். கிடங்கில் லாரிகளை நிறுத்தி வைக்கிற மனிதர், சொந்த வீட்டில், ஒரு உள்ளங்கை அகலப் பலகைக்கு முன்னால், உள்ளே விடுங்கள் என்று நின்றார்.

"என்னாச்சுங்க?" வீட்டம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். புதுப் பூப்போட்ட கவுன். "திறக்கலையா? சரி, கொஞ்சம் இவளைப் பிடிங்க, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் யோசிக்காமல் கையை நீட்டினார். பாப்பா மாறியது. மாறிய வேகத்தில் அதன் நெஞ்சு ரீடர் பக்கம் போயிற்று.

'பீப்.' பச்சை. கதவு திறந்தது.

அவர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா பல் இல்லாத வாயால் சிரித்தது. கதவை மூடினார். கார்டைக் காட்டினார், சிவப்பு. பாப்பாவைக் காட்டினார், பச்சை. இன்னொரு முறை மூடி, பாப்பாவை முதுகுப் பக்கமாகக் காட்டினார், சிவப்பு. நெஞ்சுப் பக்கமாகக் காட்டினார், பச்சை. பூவைத் தடவிப் பார்த்தார். உள்ளே வட்டமாக, கெட்டியாக ஒன்று இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு அடித்தாலும் சாகாத ஒன்று.

தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை. படுக்கையறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம். அந்தக் கதவுக்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், கார்டும் வேண்டாம்.

கேட் சார் போய்த் தட்டினார்.

"இது என்ன வேலை?"

உள்ளேயிருந்து பதில் நிதானமாக வந்தது. படுத்துக்கொண்டு பேசுகிற குரல். பல நாளாக அந்த வீட்டில் கேட்காத குரல்.

"நேத்து நீங்க போனதும் பூட்டோட சுவிட்சை அணைச்சுப் போட்டுப் பார்த்தேங்க. கரண்டு போயிட்டு வந்தா பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு பயம். பார்த்தா மினுக்கிட்டே இருந்துச்சு. பாப்பா என் இடுப்புல இருந்தா, முதல்ல அவதான் பட்டுட்டா. எஜமான் ஆயிட்டா. அப்புறம் மத்தக் கவுனையும் சேத்துக்கிட்டா."

"அந்தப் பூவை அதுக்கு முன்னாடியே தைச்சாச்சா?"

"அக்கா வெள்ளிக்கிழமை ராத்திரியே தைச்சுட்டாங்க. அவங்களுக்கும் பயம்தான்."

"நான் இப்ப என்ன பண்றது?"

"அவளோட உள்ள போய் உட்காருங்க. உங்க மீசையைத் தவிர அந்த அறையில அவ வாயில போட்டுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. கதவு பூட்டிக்கும், அவளுக்குப் பட்டனும் எட்டாது. நான் நிம்மதியாத் தூங்குவேன்."

தன் வாயால் சொன்ன ஒவ்வொன்றும் வரிசையாகத் திரும்பி வந்து தன் முன்னால் நிற்பதைக் கேட் சார் பார்த்தார். கரண்டு, பட்டன், சலவைக் கடை, பரண். அவள் பயந்து பயந்து கேட்டாள் என்று நினைத்துப் பெருமையோடு சொல்லிக்கொடுத்தோமே. பாப்பா அவர் மீசையைப் பிடித்து, சுவைத்துப் பார்க்கும் எண்ணத்தில் இழுத்தது.

அந்த வலியில்தான் மூளை வேலை செய்தது. அட, இது எவ்வளவு சின்ன விஷயம். சுவிட்சை அணைத்தால் ரீடர் எல்லாவற்றையும் மறந்துவிடும். அவள் செய்த அதே வித்தை. போட்டதும் மினுக்கும். முதலில் அவர் தன் கார்டைக் காட்டுவார். எஜமான் திரும்ப எஜமான் ஆவார். லேப்டாப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, சாட்சி முன்னால் சொன்ன வாக்கும் தப்பாது. மேற்பார்வையாளர் என்றால் சும்மாவா?

இந்தத் தடவை பாப்பா பட்டுவிடாமல் இடது தோளுக்குப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டார். வலது கையில் கார்டைத் தயாராக நீட்டினார். சுவிட்சை முழங்கையால் அணைத்தார். பூட்டு விட்டது, கதவு மெல்லத் திறந்தது. உள்ளே சாய்வு நாற்காலி, தலையணை, அவரைப் பார்த்தன. வருகிறேன் என்று கண்ணாலேயே சொன்னார். கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டார்.

விளக்கு மினுக்கவில்லை. நேராகச் சிவப்பாக எரிந்தது.

கார்டைக் காட்டினார். சிவப்பு. இன்னும் கிட்டே காட்டினார், ரீடருக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில். சிவப்பு. தோளுக்குப் பின்னாலிருந்து பாப்பா எட்டிக் குனிந்து, அந்தச் சிவப்பு விளக்கைத் தொட ஆசைப்பட்டு, நெஞ்சோடு போய் ரீடரில் சாய்ந்தது. பச்சை. 'பீப்.'

படுக்கையறைக்குள்ளிருந்து, பாதித் தூக்கத்தில், குரல் வந்தது.

"நான் சேவ் பண்ணிட்டேங்க."